முட்டைக்கோதும் எங்கட விலங்கியல் மிஸ்ஸும்

எங்கட பட்ச்சில விலங்கியல் படிச்ச ஆரிட்டயாவது மிஸ்ஸைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ, முட்டைப் பாடத்தில தான் தொடங்குவினம். ஏ.எல் சோதனைக்கு அது பெரிசா வராது, ஆனா மிஸ் அதை நாள்கணக்கா நடத்தினா. "கோழி மேல ஏறி இருந்தாலும் கோது உடையக்கூடாது, ஆனா உள்ளுக்க இருக்கிற சின்னக் குஞ்சு அதை உடைச்சுக்கொண்டு வெளிய வரவும் வேணும், அப்ப இதை எப்பிடிக் கட்டுறது?" எண்டு கேட்டுப்போட்டு விடை சொல்லாம வீட்ட அனுப்பிவிட்டா.

அடுத்த நாள் வெள்ளவத்தைக் கடையில வாங்கின வினாகிரிப் போத்தலோட வந்தா. முட்டையை அதுக்க போட்டதும் கோது முழுக்கக் குமிழ் குமிழா வருது, அது காபனீரொட்சைட்டு, ஏனெண்டா கோதில 95 வீதமளவு கல்சியம் காபனேற்று தான். மறுநாள் பாத்தா கோது கரைஞ்சு போச்சு, மென்சவ்வு மட்டும் முட்டையைப் பிடிச்சு வைச்சிருக்கு, தொட்டா மெத்து மெத்தெண்டு இருக்கு. அதைத் தண்ணியில போட்டா ஊதுது, சீனிப்பாகில போட்டா சுருங்குது. மென்சவ்வுக்கு ஊடாகத் தண்ணி கரைசல் செறிவு கூடின பக்கம் போறதைச் சொல்லுற பிரசாரணம் எண்ட சொல்லைப் பாடமாக்கி வைச்சிருந்த எங்களுக்கு அண்டைக்குத்தான் அது என்னெண்டு விளங்கினது.

கோழி முட்டையின்ட கோது 0.3 தொடக்கம் 0.4 மில்லிமீற்றர் தான் தடிப்பு, தீக்கோழியின்டது 2 மில்லிமீற்றர் அளவில வரும். அந்த மெல்லிய கோதில ஆயிரக்கணக்கான நுண்துளைகள், ஒரு கோழி முட்டையில 10,000 அளவில இருக்கும், அதால ஒட்சிசன் உள்ள போகுது, காபனீரொட்சைட்டும் நீராவியும் வெளிய வருது. வெளிப்பக்கம் கியூட்டிக்கிள் எண்டு ஒரு மெல்லிய பூச்சு இருக்கு, கிருமி துளைக்குள்ள போகாமப் பாக்கிறது அது தான், முட்டையைத் தேய்ச்சுக் கழுவி வைச்சா அது போயிடும் எண்டு மிஸ் சொன்னதில இருந்து எங்கட வீட்டில அம்மா கழுவாமத்தான் வைச்சவ. கோதுக்கு உள்ளால ரெண்டு சவ்வு, மொட்டைப் பக்கத்தில அந்த ரெண்டுக்கும் நடுவில வளியறை. அவிச்ச முட்டையை உரிக்கேக்க தெரியிற பள்ளம் அது தான்.

மிஸ்ஸின்ட கேள்விக்கு விடை கடைசியாத் தான் வந்தது. குஞ்சு தன்ர எலும்புக்குத் தேவையான கல்சியத்தில பெரும்பங்கைக் கோதின்ட உள்பக்கத்தில இருந்தே கரைச்சு எடுக்குது. அதாவது எலும்பு வளர வளர கோது பலம் குறையுது. 21 நாள் அடைகாப்பின்ட கடைசியில குஞ்சு முதல்ல வளியறைக்குள்ள சொண்டைக் குத்தி நுரையீரலால மூச்சு விடத் தொடங்கும், பிறகு சொண்டின்ட நுனியில இருக்கிற முட்டைப்பல்லால கோதைக் கொத்தும். அண்டைக்கு லாப்பில ஒருத்தரும் கதைக்கேல்ல. எனக்கு இப்ப நினைச்சாலும் ஆச்சரியம் தான், கட்டிடம் கட்டிற ஆரும் இப்பிடி ஒரு சுவரைக் கட்டினதில்லை.

பள்ளிக்கூட மரத்தில காகம் கூடு கட்டினா மிஸ்ஸுக்கு அதுவும் பாடம். குயில் முட்டை காக முட்டையை விடச் சின்னன், ஆனா புள்ளியும் நிறமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எண்டு சொல்லித் தந்தா. பறவை முட்டை நிறமெல்லாம் பெரும்பாலும் ரெண்டு நிறப்பொருளால தான் வருது, மண்ணிறத்துக்கு புரொட்டோபோர்பிரின், நீலம் பச்சைக்கு பிலிவேர்டின்.

லண்டனுக்கு வந்த பிறகு டேட் மொடர்ன் எண்ட கலைக்கூடத்தின்ட கோபுரத்தில பெரிகிரின் வல்லூறு இருக்கிறதைப் பாக்கப் போனன். 1967ல டெரெக் ராட்கிளிஃப் எண்ட பிரித்தானியப் பறவை ஆய்வாளர் பழைய சேகரிப்பில இருந்த வல்லூறு முட்டைக் கோதுகளைப் புதுசுகளோட ஒப்பிட்டுப் பாத்து, 1940களின்ட கடைசியில இருந்து கோது மெலிஞ்சு போனதைக் காட்டினவர். பிறகு தான் டிடிடி எண்ட பூச்சிகொல்லி உடம்பில மாறி வாற டிடிஈ தான் காரணம் எண்டு நிறுவினவை. எங்கட நாட்டில மலேரியாவுக்கு வீடு வீடா அடிச்ச அதே டிடிடி. அது எத்தினையோ உயிரைக் காப்பாத்தினது, அதையும் மறக்கேலாது. ஆனா இங்க தாய்ப்பறவை அடைகாக்க இருந்தாலே முட்டை நொறுங்கினது.

போன வருசம் மிஸ்ஸோட ஃபோனில கதைக்கேக்க சித்திரை மாத வெயிலில கோழி ஏன் மெல்லிய கோது முட்டை இடுது எண்டு சொன்னன். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை, வாயைத் திறந்து இளைச்சுத் தான் சூட்டைப் போக்கும், அப்ப ரத்தத்தில காபனீரொட்சைட்டு குறையும், கோது கட்டுறதுக்கு வேண்டிய காபனேற்றும் குறைஞ்சு போகும், கோது கட்ட 20 மணித்தியாலம் அளவில எடுக்கிறதால அந்த நேரம் முழுக்க இந்தத் தட்டுப்பாடு இருக்கும். நான் சொல்லி முடிக்கவில்லை, மிஸ் உடனே "அப்ப கோழிக்குக் காபனீரொட்சைட்டு கரைஞ்ச சோடாத் தண்ணி குடுத்துப் பாத்தவையே?" எண்டு கேட்டா. குடுத்துப் பாத்திருக்கினம் மிஸ், அமெரிக்காவில, 1980களில, கோது தடிச்சும் இருக்கு.