மெக்கானிக்கலா இண்டஸ்ட்ரியலா? ஷாப் ஃப்ளோர்ல இருந்து ஒரு பதில்

இன்ஜினியரிங் கவுன்சிலிங் சீசன் வந்துட்டா சொந்தக்காரங்க வீட்டுல இருந்து போன் வர ஆரம்பிச்சுடும். "அண்ணே, பையனுக்கு மெக்கானிக்கல் போடலாம்னு இருக்கோம், யாரோ இண்டஸ்ட்ரியல்னு ஒண்ணு இருக்குன்னாங்க, அது என்னண்ணே?" நான் படிச்சது மெக்கானிக்கல், வேலை பாக்கறது ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில ஐ.ஈ. டிபார்ட்மெண்ட்ல, அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். அதனால ரெண்டும் எனக்கு அத்துப்படின்னு நினைச்சுக்கறாங்க.

போன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடியாததால இங்க எழுதறேன்.

தகட்ட அழுத்தி பாகம் செய்யற பிரஸ் ஷாப்ல ஒரு மெஷின் நின்னுடுச்சுன்னு வைங்க. மெக்கானிக்கல் ஆளு ஓடி வந்து பேரிங் போச்சா, ஹைட்ராலிக் பிரஷர் இறங்கிடுச்சா, டை, அதாவது தகட்டுக்கு வடிவம் குடுக்கற அச்சு, அதோட கிளியரன்ஸ் சரியா இருக்கான்னு பாப்பாரு. ஐ.ஈ. ஆளு அந்த மெஷினையே பாக்க மாட்டாரு, அதுக்கு முன்னாடி எவ்ளோ பீஸ் குவிஞ்சு கெடக்கு, பின்னாடி வெல்டிங்ல எத்தனை பேர் சும்மா நிக்கறாங்க, இந்த ஷிஃப்ட்ல கஸ்டமருக்கு போக வேண்டிய லாரி போகுமா போகாதான்னுதான் அவரு கவலை. ரெண்டு பேருக்கும் நின்னது ஒரே மெஷின்தான், தலைவலிதான் வேற வேற.

உண்மையில இண்டஸ்ட்ரியல்ங்கறதே மெக்கானிக்கல் வயித்துல பொறந்ததுதான். ஸ்டாப்வாட்ச்ச கையில எடுத்து வேலைய அளந்த ஃபிரெடரிக் டெய்லர்ங்கற அமெரிக்கர் படிச்சது மெக்கானிக்கல், 1906-ல அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துக்கு தலைவராவே இருந்தவரு. அதே காலத்து ஃபிராங்க் கில்பிரெத்ங்கற இன்னொரு அமெரிக்கர் செங்கல் அடுக்கற கொத்தனாரோட கை அசைவ எண்ணி, ஒரு செங்கல்லுக்கு 18 இருந்தத 5-க்கு கொண்டு வந்தாரு. சாரத்துல செங்கல் இருக்கற உயரத்த மாத்துனதுதான் அதுல பெரிய விஷயம், கொத்தனார் ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டியதில்ல. இத படிக்கறப்போ சாதாரணமா தெரியும், ஆனா எங்க லைன்ல இன்னிக்கும் பாதி வேலை அதுதான், ட்ரே எங்க வைக்கறது, நட்டு முடுக்கற கன் எந்த பக்கம் தொங்கணும், ஆப்பரேட்டர் திரும்பி எடுக்கறாரா நேரா எடுக்கறாரா.

கணக்கு எப்படி இருக்கும்னு கேட்டீங்கன்னா பயமுறுத்தற மாதிரி ஒண்ணும் இல்ல. எட்டு மணி நேர ஷிஃப்ட்ல சாப்பாடு அரை மணி, டீ ரெண்டு தடவை பத்து பத்து நிமிஷம் போனா மிச்சம் 430 நிமிஷம். கஸ்டமர் ஒரு ஷிஃப்ட்டுக்கு 430 பீஸ் கேட்டா நிமிஷத்துக்கு ஒண்ணு வெளிய வரணும், இதான் டாக்ட் டைம். இப்போ லைன்ல ஒரே ஒரு ஸ்டேஷன் 75 செகண்ட் எடுக்குதுன்னா மத்தவங்க எல்லாம் 50 செகண்ட்ல முடிச்சாலும் பிரயோஜனம் இல்ல, 344 பீஸ்தான் வரும். அந்த 75-ல இருந்து 15 செகண்ட எங்க தள்றதுங்கறதுதான் லைன் பேலன்சிங். பேப்பர்ல ரொம்ப ஈசி.

பேப்பர்ல மட்டும்தான். ஏன்னா ஸ்டாப்வாட்ச்ச எடுத்துக்கிட்டு போய் நின்ன உடனே ஆளோட வேகம் மாறிடும். "என்ன சார் வாட்ச்சோட வந்துட்டீங்க, அடுத்த மாசம் டார்கெட் ஏத்தப் போறீங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க, சிரிப்புக்குள்ள பயம் இருக்கும், அந்த பயம் நியாயமானதுதான்னு எனக்கே தெரியும். அதுக்குத்தான் ரேட்டிங்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, 40 செகண்ட் ஆகுதுன்னு வாட்ச் சொன்னா, அவரு சாதாரணத்த விட வேகமா செய்யறாருன்னு 110 சதவீதம் போட்டா 44, அதுக்கு மேல களைப்பு, தண்ணி குடிக்க, பாத்ரூம் போகன்னு 12 சதவீதம் அலவன்ஸ் சேத்தா 49 செகண்ட் சொச்சம். இந்த 110-ங்கறத எந்த மீட்டரும் காட்டாது, நம்ம கண்ணு சொல்றதுதான். அதுல கை வெச்சா ஒருத்தரோட நாள் முழுக்க மாறிடும். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சப்போ ஒரு மனுஷனோட களைப்ப எத்தனை சதவீதம்னு எழுதணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல, அங்க எல்லாத்துக்கும் டேட்டா புக்கும் ஸ்டீம் டேபிளும் இருந்துச்சு.

திருப்பூர் பக்கம் போனீங்கன்னா இது இன்னும் பட்டவர்த்தனமா தெரியும். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல ஐ.ஈ. இல்லாம லைனே ஓடாது. ஒரு டி-ஷர்ட்டுக்கு 6 நிமிஷம்னு கணக்கு வெச்சா 30 பேர் 480 நிமிஷத்துல 2400 பீஸ் தைக்கணும், நிஜத்துல 1200 வந்துச்சுன்னா எஃபிஷியன்சி 50-ன்னு போர்டுல எழுதிடுவாங்க, ஓவர்லாக் டெய்லர் லீவு போட்டதும் நூல் கலர் மாத்துனதும் அந்த போர்டுல இருக்காது.

இன்னொரு பக்கம், இந்த வேலையோட அழகும் இருக்கு. டொயோட்டால 1969-ல ஆயிரம் டன் பிரஸ்ல டை மாத்த நாலு மணி நேரம் ஆச்சு, ஷிகியோ ஷிங்கோங்கற ஜப்பான் ஐ.ஈ. நிபுணர் அத முதல்ல ஒன்றரை மணி நேரமாக்கி, அப்புறம் 3 நிமிஷத்துக்கே கொண்டு வந்தாரு. புது மெஷின் வாங்கி இல்ல, மெஷின் ஓடிட்டு இருக்கறப்பவே செய்யக்கூடிய வேலைய எல்லாம் பிரிச்சு முன்னாடியே செஞ்சு வெச்சுட்டதுதான் அடிப்படை. ஆனா இங்க ஒரு விஷயம் கவனிங்க, டைய எப்படி கிளாம்ப் பண்றாங்க, போல்ட்டுக்கு எத்தனை திரெட் வேணும்னு தெரியாதவனால அந்த யோசனைய முழுசா பண்ண முடியாது. எங்க டிபார்ட்மெண்ட்ல மெக்கானிக்கல் ஆளுங்க அதிகமா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பையன எதுல சேக்கறது? என் கருத்து கொஞ்சம் ஒரு பக்கமா சாயும், சொல்லிடறேன். தமிழ்நாட்டுல இண்டஸ்ட்ரியல்னே பேர் போட்ட பி.ஈ. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் மாதிரி வெகு சில இடத்துலதான், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி., திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடங்கள்ல புரொடக்‌ஷன்னு கிட்டத்தட்ட ஒட்டுன மாதிரி இருக்கும். அரசு வேலை மேல கண்ணு இருந்தா மெக்கானிக்கல்தான் பாதுகாப்பு. யு.பி.எஸ்.சி. நடத்தற இன்ஜினியரிங் சர்வீஸ் எக்ஸாம்ல சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ்-டெலிகாம்னு நாலு பிரிவுதான், இண்டஸ்ட்ரியலுக்கு தனி பேப்பர் இல்ல. கேட் எக்ஸாம்ல புரொடக்‌ஷன் அண்ட் இண்டஸ்ட்ரியல்னு தனி பேப்பர் இருக்கு, ஆனா அந்த மார்க்க வெச்சு ஆள் எடுக்கற அரசு கம்பெனிங்க நோட்டிஃபிகேஷன்ல தகுதியான பிராஞ்ச்னு வரிசையா போடறப்போ மெக்கானிக்கல் முன்னாடி நிக்கும், மத்தது இருக்கான்னு தேடணும்.

அதே சமயம் தெர்மோவும் ஹீட் டிரான்ஸ்ஃபரும் பிடிக்கவே பிடிக்காம, ஆனா புள்ளியியல் பிடிக்கும், நாலு பேர்கிட்ட பேசி வேலை வாங்கத் தெரியும், கல்யாண வீட்டுப் பந்தில ஏன் சாம்பார் மட்டும் லேட்டா வருதுன்னு யோசிக்கற பையன்னா அவன மெக்கானிக்கல்ல தள்ளாதீங்க. கிண்டில சீட் கெடைச்சா தாராளமா எடுக்கலாம். சப்ளை செயின், வேர்ஹவுஸ், ஹாஸ்பிடல்னு போற எடமும் இப்போ நெறைய, ஃபேக்டரி மட்டும்தான்னு இல்ல. மெக்கானிக்கல் எடுத்தவன் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்ச (இருக்கற ஆள், மெஷின், நேரத்த கணக்கு போட்டு சிறப்பா பங்கிடற பாடம்) எலக்டிவா எடுத்து, ஒரு லீவுல ஏதாவது கம்பெனி லைன்ல நின்னு பாத்தான்னா இந்த பக்கம் வந்துடலாம், நான் வந்த மாதிரி. இண்டஸ்ட்ரியல் படிச்சவன் பின்னாடி டிசைன் பக்கம் போறது அவ்ளோ சுலபம் இல்ல, இன்டர்வியூல பீம் டிஃப்ளெக்‌ஷன் (பாரம் ஏத்துனா உத்தரம் எவ்ளோ வளையும்ங்கறது) கேட்டு உக்கார வெச்சுடுவாங்க.

பிராஞ்ச் பேர மட்டும் பாத்து சாய்ஸ் லிஸ்ட்ட லாக் பண்ணாம, ரெண்டு பிராஞ்சோட மூணாவது செமஸ்டர்ல இருந்து ஆறாவது வரைக்கும் உள்ள சிலபஸ்ஸ டவுன்லோட் பண்ணி பையன் கையில குடுங்க. முதல் வருஷம் பாக்க வேணாம், அது ரெண்டுக்கும் பெரும்பாலும் ஒண்ணுதான்.