ப்ராமிசிங்னா சத்தியமா?

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூணாவது மாசம், கொழிஞ்சாம்பாறைல இருந்து பாலக்காட்டுக்கு செக்கப்புக்கு கூட்டிட்டு போனோம், அவரு வலது கையால டம்ளர தூக்கி ரெண்டு வாய் தண்ணி குடிச்சதப் பாத்துட்டு டாக்டர் "ப்ராமிசிங்"னாரு. வெளிய வந்ததும் அம்மா, "சரியாயிரும்னு சத்தியம் பண்ணிட்டாரா கண்ணு?"ன்னாங்க.

இல்லம்மா. ப்ராமிஸ்னா வாக்கு, ப்ராமிசிங்னா இதப் பாத்தா நல்லா வரும்போல இருக்குன்னு அர்த்தம். லத்தீன்ல முன்னாடி அனுப்புறதுங்கற வார்த்தைல இருந்து வந்தது, எனக்கு அது ரொம்பப் புடிச்சிருக்கு, வரப்போற நல்லது முன்னாடியே ஆள் அனுப்பிச் சொல்ற மாதிரி. புதுசா வர்ற பௌலர், வயல்ல நிக்கற நாத்து இதுக்கெல்லாம் சொல்லலாம், முடிஞ்சுபோன வேலைக்கு சொல்றதில்ல.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்பாங்களே, அதாம்மா"ன்னேன். உடனே புரிஞ்சுது. பஸ்ல வர்றப்ப அப்பாவோட அந்தக் கைய மடியில வெச்சு விரல் விரலா நீவிக்கிட்டே வந்தாங்க.