ஒரு குழந்தைக்காக ஒரு குப்பி

"ஒரு குழந்தைக்காகத் தட்டம்மைத் தடுப்பூசிக் குப்பியைத் திறக்காதீங்க சிஸ்டர், அடுத்த முகாமுக்கு வரச் சொல்லிடுங்க" என்றார் இருப்புக் கணக்கு பார்ப்பவர். அந்த அம்மா ஏற்கெனவே ஒரு தடவை திரும்பிப் போனவர். "எப்ப வந்தாலும் போடுவோம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று என்னைக் கேட்டார். திறந்துவிட்டேன்.

தட்டம்மைக் குப்பியில் பெரும்பாலும் 10 டோஸ் இருக்கும். பொடியைக் கரைத்த பிறகு 6 மணி நேரம் அல்லது முகாம் முடியும்வரை, எது முந்தியோ அதுவரைதான் வைத்திருக்கலாம், ஏனென்றால் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் அதில் சேர்ப்பதில்லை. இந்த விதியோடு எனக்குச் சண்டையே இல்லை. தென் சூடானில் 2017-ல் குளிர்பதனமில்லாமல், ஒரே சிரிஞ்சைப் பல நாள் வைத்துப் போட்ட தட்டம்மை ஊசியால் 15 குழந்தைகள் இறந்தார்கள். நான் குப்பியைத் திறந்த அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை, 9 டோஸ் வீண்.

அடுத்த முகாமில் இருப்பு பத்தவில்லை, வரிசையின் கடைசியில் நின்றவர்கள் ஊசி இல்லாமல் போனார்கள். புது இருப்பு வரத் தாமதமானதும் ஒரு காரணம்தான், ஆனாலும் அந்த 9 என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு குழந்தை வந்தாலும் திறக்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சரி, விதி என் பக்கம். ஆனால் வெறும் கையோடு திரும்பிய அம்மாக்களிடம் போய் விதியையா சொல்ல முடியும்?

எனக்குக் கோபம் வருவது அறிக்கையைப் பார்க்கும்போதுதான். வீணான டோஸுக்குக் கட்டம் இருக்கிறது, 'மக்களிடம் ஆர்வம் குறைவு' என்று எழுதவும் இடம் இருக்கிறது, நாம் திருப்பி அனுப்பியவர்களைக் குறிக்க மட்டும் இடமில்லை. தட்டம்மை பரவாமலிருக்க 95 சதவீதம் பேருக்கு 2 டோஸும் போய்ச் சேர வேண்டும். கூலியை விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, ஊசியில்லாமல் திரும்பியவர் அடுத்த முறை வரவில்லை என்றால் அதை ஆர்வக் குறைவு என்று எப்படி எழுதுவது?

5 டோஸ் குப்பியும் இருக்கிறது. ஆனால் ஒரு டோஸுக்கான விலை கூடும், குளிர்பெட்டியிலும் அதிக இடம் பிடிக்கும், அதனால் அதைக் கேட்டு வாங்குவதும் லேசில்லை. இன்னொரு அம்மா தனியாக வந்தாலும் திறக்கத்தான் செய்வேன். அப்போது கையிருப்பில் கடைசிக் குப்பிதான் மிச்சம் என்றால், அதையும் திறப்பேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.