யார் தப்பும் இல்லை

"முதல் ஆபரேஷன்ல யாராவது தப்பு பண்ணிட்டாங்களா டாக்டர்?"

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அந்தப் பெண் கேட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "யார் தப்பும் இல்லைம்மா, சில காயம் அப்படித்தான் ஆறும்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மாதவிலக்கு முடிந்த பிறகும் பல நாள் பழுப்பாகக் கசிவு. இரண்டாவது குழந்தை நிற்கவில்லை. ஸ்கேனில், சிசேரியன் தழும்பில் குழி விழுந்து, மிஞ்சிய தசை 2 மில்லிமீட்டர்கூட இல்லை. 3-க்கும் குறைவாக இருந்தால் கர்ப்பப்பைக்கு உள்ளிருந்து அதைச் சீவ பெரும்பாலும் துணிய மாட்டோம். சுவர் ஓட்டையாகலாம், அதையொட்டியே சிறுநீர்ப்பை. அதனால் வயிற்று வழியாக, ரோபோ கைகளால் ஆபரேஷன்.

மறுநாள் சிறுநீர்ப்பையைப் பிரித்து இறக்கியதும் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னேன். கர்ப்பப்பைக்குள், கீழிருந்து நுழைத்த ஹிஸ்டரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயின் விளக்கு எரிந்தது. டார்ச்சை விரல்களால் மூடினால் சிவப்பாகத் தெரியுமே, அப்படி அந்தத் தழும்பு மட்டும் ஒளிர்ந்தது. ரொம்பக் கீழே, கர்ப்பப்பை வாயை ஒட்டி.

அவ்வளவு கீழே வெட்டினால் சரியாக ஆறாமல் போக வாய்ப்பு அதிகம். ஆனால் பிரசவ வலியில் வாய் முழுக்கத் திறந்து, குழந்தையின் தலையும் இறங்கிய பிறகு அவசரமாக எடுக்கும்போது, வாய் எங்கே முடிகிறது, கர்ப்பப்பை எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. பின்னோக்கிச் சாய்ந்த கர்ப்பப்பை, கிருமித்தொற்று என்று வேறு காரணங்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் நான் பொய் சொல்லவில்லை. இதையெல்லாம் விளக்கியிருந்தாலும் அன்றிரவு அவர் தூக்கத்தைத்தான் கெடுத்திருப்பேன்.

சரி, ஆனால் நானும் அப்படிப்பட்ட ராத்திரிகளில் எத்தனையோ பேருக்கு வெட்டியிருக்கிறேன், அவசரமாக ஒரே அடுக்கில் தைத்து மூடியிருக்கிறேன். அவர் கேட்ட 'யாராவது'வில் நானும் உண்டு.

நைந்த ஓரங்களை, நல்ல தசையில் ரத்தம் கசியும்வரை வெட்டி எடுத்து, இரண்டு அடுக்காகத் தைத்தேன். ரோபோவை இயக்கும் எங்கள் கன்சோலில் நூலின் இழுவை கைக்குத் தெரியாது. சதை வெளுப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் இறுக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டேன். முதலில் தைத்தவருக்கு அந்த நேரம் கிடைத்திருக்காது.

ஆறு மாதம் கழித்து வந்தார். கசிவு நின்றிருந்தது, சுவரும் தடித்திருந்தது. அடுத்த பிரசவமும் சிசேரியன்தான், அதுவும் வலி எடுப்பதற்கு முன்பே என்றேன்.

"இந்தத் தடவை ரொம்பக் கீழே வெட்டிடாதீங்க டாக்டர். டிஸ்சார்ஜ் சம்மரியில நீங்கதானே எழுதியிருந்தீங்க."

ஆமாம்மா என்றேன். அதற்கு மேல் எதுவும் வரவில்லை.