டோக்கியோ பிள்ளையாருக்கு ஒரு முள்ளங்கி

தங்கைக்குக் குறைமாதப் பிரசவம், நிலைமை கவலைக்கிடம் என்று ஊரிலிருந்து போன் வந்தபோது அம்மா டோக்கியோவில் என்னோடு இருந்தார். உடனே பறக்கவா முடியும்? "ரெண்டு உயிரும் பிழைக்கட்டும், இந்த ஊர்ப் பிள்ளையாருக்கே வந்து செய்யறேன்" என்று வேண்டிக்கொண்டார். ஆபத்து நீங்கியது என்று தெரிந்த மறுநாளே மட்சுசியாமா ஷோதென் கோயிலுக்குக் கிளம்பிவிட்டோம். நம் பிள்ளையாரைத்தான் ஜப்பானில் ஷோதென் என்கிறார்கள்.

டோக்கியோவின் அசகுசா பகுதியில் இறங்கினால், சென்சோஜி என்ற பெரிய புத்தர் கோயிலுக்குப் போகும் கூட்டம். நாகமிசே கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கை ரிக்‌ஷாக்காரர்கள் வேறு சிரித்துச் சிரித்தே வழிமறிக்கிறார்கள். நம்மூர் ஆட்டோ ஸ்டாண்டே தேவலை. சுமிதா ஆற்றுப் பக்கமாகக் கொஞ்சம் நடந்ததும் சந்தடி அடங்கிவிட்டது. ஷோதென் கோயிலும் சென்சோஜியைச் சேர்ந்ததுதான், ஆனால் டூரிஸ்ட்டுகள் அவ்வளவாக வருவதில்லை. சின்ன மேட்டின் மேல் சந்நிதி. படிகளைப் பார்த்து அம்மா முழங்காலைத் தடவ, பக்கத்திலேயே தண்டவாளத்தில் ஏறும் ஒரு குட்டிப் பெட்டி, அதுவும் இலவசம்! "பார்த்தியா, பல்லக்கு அனுப்பிட்டான்."

இங்கே அருகம்புல், தேங்காய் எதுவும் கிடையாது. படைப்பது முள்ளங்கி. கோயிலிலேயே விற்கிறார்கள். எங்கே திரும்பினாலும் பின்னிக்கிடக்கும் இரட்டை முள்ளங்கியும் பணமுடிப்பும்தான் சின்னம்: ஒன்று தம்பதி ஒற்றுமைக்கு, மற்றது வியாபாரத்துக்கு.

ஆனால் மூர்த்தியைக் காட்ட மாட்டார்கள். ஷோதென் என்றால் இரண்டு யானைமுகங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் கோலம். எண்ணெய் அபிஷேகம் உண்டு, அதுவும் மறைவாகத்தான். தீபாராதனையில் முகம் பார்த்தே பழகிய எனக்கு ஏமாற்றமாக இருந்தது. முள்ளங்கியை வைத்துவிட்டு அம்மா தலையில் குட்டிக்கொண்டார். முட்டி மடங்கிய அளவுக்குத் தோப்புக்கரணம் போட்டார். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த ஜப்பானியப் பாட்டி நகர்ந்து இடம்விட்டார். "முகமே தெரியலையேம்மா" என்றேன்.

"இன்குபேட்டர்ல இருக்கிற பேத்தி முகத்தையும்தான் நான் இன்னும் பார்க்கலை. அதுக்காக அவ இல்லேன்னு ஆயிடுமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. விநாயகா, உன்னை என்ன சொல்லி வாழ்த்துவேன்! எங்கள் குலம் காத்தாயே அப்பா!

வெளியே, படைத்த முள்ளங்கிகளைப் பிரசாதமாக எடுத்துப்போக வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி சாம்பார் அதில்தான். ஜனவரி 7 இங்கே முள்ளங்கித் திருவிழாவாம், வேகவைத்துச் சுடச்சுடக் கொடுப்பார்களாம். பேத்தியைத் தூக்கிக்கொண்டு அதற்கு வருவதாக அம்மா அடுத்த வேண்டுதலையும் போட்டுவிட்டார். டிக்கெட் செலவு என்னுடையது.