கோட்டையால் யாருக்கு வருமானம்?

கோட்டை, அகழாய்வுக் களம் போன்ற மரபுத் தலங்களை ஒட்டி வாழ்பவர்களிடம் "சுற்றுலா வந்தா நல்லதுங்களா?" என்று கேட்டால், கொங்கு நாட்டில் "நல்லதுங்க" என்றுதான் பதில் வரும். வந்தவர் மனம் நோகக் கூடாது என்ற மரியாதை அது. சுற்றுலாவால் ஊருக்கு என்ன பலன் என்று ஆராயப் போனவர் அதை ஊரின் கருத்தாகப் பதிந்துகொண்டு வந்தால் ஆய்வே பழுது. போன ஞாயிற்றுக்கிழமை எத்தனை வண்டி நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, உங்கள் கடையில் என்ன வாங்கினார்கள் என்று கேட்க வேண்டும். அப்போதுதான் கணக்கு வெளியே வரும்.

தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரி மலைக்கோட்டைக்கு அவர் நினைவு நாளான ஆடி 18 அன்று கூட்டம் திரளும். அந்த ஒரு நாள் வியாபாரத்தை வைத்து ஆண்டு முழுவதையும் எடைபோடக் கூடாது. சாதாரண நாளில் வருபவர்கள் தண்ணீர் பாட்டிலோடு மலையேறி, இறங்கியதும் பைபாஸ் ஓட்டலுக்குப் போய்விட்டால் அடிவாரத்தில் ஒரு டீகூட ஓடாது. வண்டி நிறுத்தமும் கழிப்பறையும் சாப்பாடும் எங்கே அமைகின்றனவோ அங்கேதான் காசு விழும்.

நாமக்கல் கோட்டை ஊர் நடுவிலேயே நிற்பதால் அங்கே கவலை வேறு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். 2010 சட்டத் திருத்தம் இதை இறுக்கியது. ஆனால் 100 மீட்டருக்குள்ளும் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் ஒழுகும் கூரை ஓடுகளைக்கூட மாற்றாமல் இருப்பவருக்குக் கோட்டை மேல் கோபம் வருவது நியாயம்தான். அவரிடம் பெருமை பேசுவதைவிட, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது உதவி.

பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம், நொய்யல் கரையிலுள்ள இன்றைய கொடுமணல். மணிகள் செய்து, இரும்பு உருக்கிய தொழிற்கூடங்கள் அங்கே மண்ணுக்கடியில் கிடைத்தன. இப்படிப்பட்ட ஊர்களில் அகழாய்வுக்குத் தோண்டுவது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய காட்டை, அதாவது விளைநிலத்தைத்தான். "பட்டா போயிருமுங்களா?" என்பதே முதல் கேள்வி. எத்தனை மாதம், எவ்வளவு ஆழம், பயிர் நட்டத்துக்கு என்ன தொகை என்பதைக் குழிக்கு முளை அடிக்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, மூடும்போது கடைசியில் போட வேண்டும். அடிமண் மேலே வந்துவிட்டால் குழி இருந்த இடத்தில் சோளப்பயிர் வெளுத்துக் குட்டையாக நிற்கும். அதைப் பார்க்கும் பக்கத்துக் காட்டுக்காரரும் அடுத்த வருடம் கையெழுத்துப் போட மாட்டார்.