கபுக் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்

கொழும்புப் புறக்கோட்டையில் பழைய கட்டடம் பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்தே நடக்கிறார்கள். சம்மாங்கோட்டார் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைக் கோடுகள் அப்படி இழுக்கும்தான். ஆனால் ஒரு கட்டடம் பிழைக்குமா என்பதைச் சுவரின் அடி மூன்றடியே சொல்லும்.

ஒல்லாந்தர் காலக் கட்டடங்களில் பெரும்பாலும் கபுக் கல், தமிழ்நாட்டார் சொல்லும் செம்பூரான் கல். 1749இல் தொடங்கி 1757இல் திறந்த வுல்வண்டால் தேவாலயத்தின் சுவர் ஏறக்குறைய ஐந்தடிக் கனம். (பெயருக்கு 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்று பொருள். இலங்கையில் ஏது ஓநாய்? நரியைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.) நிலத்திலிருந்து எடுத்த ஈரத்தில் இந்தக் கல் கோடரிக்கு வெட்டுப்படும், காற்றுப் பட்டால் இறுகும். உடம்பெல்லாம் துளை என்பதால் நிலத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சீமெந்து விடாது.

அடைபட்ட ஈரம் மேலே ஏறும். அதோடு வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிக் கல்லின் முகத்தையே பொடியாக்கும். விரலை மடித்துத் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகக் கேட்டால் கழன்றுவிட்டது. உதிர்ந்த துண்டின் பின்புறத்தில் செம்பொடி அப்பியிருக்கும். அது உங்கள் சுவர். கடைக்காரர்கள் இடுப்புயரத்துக்கு ஒட்டும் குளியலறை டைல்ஸ் இதைவிட மோசம். டைல்ஸ் முடிகிற இடத்துக்குச் சற்று மேலே பழுப்புக் கறை ஓடும். பிளாஸ்டிக் பெயின்ற்றும் அதே வேலையைத்தான் செய்யும்.

திருத்துவதற்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஈரக்கறைக்கு ஓரடி மேல் வரை சீமெந்தைச் சின்ன உளியால் கையாலேயே எடுங்கள். பிறேக்கர் இயந்திரம் கல்லையும் கொண்டுபோய்விடும். விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் இடத்தை இப்போதைக்கு விட்டுவிடுவது மேல். பிறகு சில கிழமைகள் காயட்டும். வெண்ணிறமாகப் பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். தண்ணீர் அடித்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். குழிகளில் கபுக் துண்டு வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்குங்கள்.

நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் ஒரு மாதமாவது ஊறவிட வேண்டும். பழையவர்கள் பவளக்கல்லைச் சுட்டார்கள். இன்று கரையோரத்தில் பவளம் எடுப்பது குற்றம். மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பு டொலமைற் (மக்னீசியம் கலந்த சுண்ணக்கல்) சேர்ந்தது, மெதுவாக நீறும், ஆகவே ஊறவிடும் நாட்களைக் கூட்டுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல். கடல் மணல் வேண்டாம், விரட்டிய உப்பை நாமே கூப்பிட்டதாகிவிடும். ஒரு பூச்சு 10 மில்லிமீற்றர், அப்படி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு கிழமை ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். அவசரப்பட்ட மேசன் ஒரு கை சீமெந்து போடப் பார்ப்பார், விடாதீர்கள். கடைசியில் தண்ணீராகக் கரைத்த சுண்ணாம்பு வெள்ளை நாலைந்து தடவை.

பீலியில் முளைக்கும் அரசங்கன்றை இழுத்துப் பிடுங்கினால் வேரோடு கல்லும் வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைகொல்லி தடவி, கன்று பட்டுப்போன பிறகு எடுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருள் திணைக்கள அனுமதி இல்லாமல் உளியையே தொட முடியாது.